உப்புக் காற்றும் குளிர்ப் பெட்டியும்

இராமநாதபுரம் ஜில்லாவில், தேவிபட்டினத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் திருப்பாலைக்குடி வரும். இன்னும் சற்று வடக்கே போனால் உப்பூர். கொழுக்கட்டையை உகந்த பிள்ளையார் ஊருக்கு ஊர் இருக்கிறார். வெயிலை உகந்த பிள்ளையாரைத் தரிசிக்க வேண்டுமானால் உப்பூருக்குத்தான் போக வேண்டும். அவருடைய திருநாமமே வெயிலுகந்த விநாயகர்.

ஆனால் பிள்ளையாருக்கு உகந்ததெல்லாம் நமக்கும் உகக்க வேண்டும் என்று சாஸ்திரம் இல்லை. சித்திரை பிறந்து, அக்னி நட்சத்திரமும் தொடங்கி, கடற்காற்றும் ஓய்ந்துபோன ஓர் இரவில், இந்தக் கரையோரத்து வீடுகளில் குழந்தையும் தூங்குவதில்லை, கிழவியும் தூங்குவதில்லை, விசிறியை ஆட்டிக்கொண்டிருக்கும் தாயாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்விசிறி சுழலத்தான் சுழல்கிறது. சுடுகிற காற்றையே சுற்றிச் சுற்றித் தருகிறது. மறுநாள் காலையில் வீட்டில் ஒரு மகாநாடு கூடி, "சுவரில் துளை போட வேண்டாமாம், சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகலாமாம், அப்படி ஒரு குளிர்ப் பெட்டி இருக்கிறதாமே, வாங்கிவிட்டால் என்ன?" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

வாங்கலாம், தவறில்லை. வெயில் இப்போது வெறும் அசௌகரியமாக இல்லை. தமிழ்நாட்டு அரசாங்கமே 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்துவிட்டது. ஆயினும் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. கடற்கரையில் நம்மை வாட்டும் சத்துரு யார்? உஷ்ணமா, ஈரமா?

உடம்பு ஓர் உப்பளம்

கடல் நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவைத்து உப்பெடுப்பது இந்தக் கரையோரத்தின் பழைய தொழில். பாத்தியில் உப்பு விளைய வெயில் மட்டும் போதாது. காற்றும் உலர்ந்து வீச வேண்டும். காற்றே ஈரத்தில் ஊறியிருந்தால் பாத்தி நீர் ஆவியாவது எப்படி?

மனித தேகமும் ஒரு வகையில் உப்பளந்தான். வியர்வை தோலின்மேல் பரவுகிறது, காற்றில் ஆவியாகிறது, ஆவியாகும்போது உடம்பின் சூட்டைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முற்றிலும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போய்விடும். ஆவியாகாமல் சொட்டு சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கரிசல் காட்டில் 40 டிகிரி வெயிலைத் தாங்குகிறவன், கடலோரத்தில் 34 டிகிரியில் தவித்துப் போவதன் இரகசியம் இதுதான்.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று உண்டு. வியர்வையால் உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டிக் கொடுக்கும். காற்றின் உஷ்ணம் 40 டிகிரியும் ஈரப்பதம் 20 சதவீதமும் இருந்தால் அந்த ஈர வெப்பமானி சுமார் 23 டிகிரியில் நிற்கும். உஷ்ணம் 34 டிகிரியாகக் குறைந்து, ஈரப்பதம் 75 சதவீதமாக ஏறினாலோ அது 30 டிகிரியைத் தொட்டுவிடும். 35 டிகிரியில் எத்தனை திடகாத்திரமான தேகமும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் அந்த எல்லைக்கு வெகு தூரம் முன்பே ஆபத்தை அடைந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இந்தக் கரையில் ஏன் தோற்றுப் போகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி தரும் சாதனம். மதுரையிலோ திருச்சியிலோ அது ஓரளவு பேர் வாங்கலாம். திருப்பாலைக்குடியில் ஏற்கெனவே ஈரமாயிருக்கும் காற்றில் இன்னும் ஈரத்தைக் கரைப்பது, மழையில் நனைந்தவனுக்கு ஈரத் துண்டைக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொல்வதுபோல் ஆகும்.

ஏர் கண்டிஷனர் என்ற யந்திரம் பிறந்ததே ஈரத்தை ஒழிப்பதற்காகத்தான் என்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1902-ஆம் ஆண்டில் நியூயார்க் புரூக்ளினில் ஒரு வர்ண அச்சுக்கூடம் இருந்தது. கோடை ஈரத்தில் காகிதம் ஊதிப் பெருத்து, ஒரு வர்ணத்தின்மேல் இன்னொரு வர்ணம் சரியாகப் பதியாமல், படங்கள் எல்லாம் விகாரமாயின. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவே வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினியர், குளிர்ந்த குழாய்களின்மீது காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்தெடுக்கும் யந்திரத்தை வகுத்தார். காகிதத்துக்கு வந்த சுகம் பிற்பாடு மனிதர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே, கடற்கரை வாசிகள் குளிர்ப் பெட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு குளிர்விப்பாய்?" என்பதல்ல, "எவ்வளவு ஈரத்தை வெளியேற்றுவாய்?" என்பதுதான்.

சூட்டை வெளியே விடாத பெட்டி

கடைகளில் "போர்ட்டபிள் ஏசி" என்ற பெயரில் மேஜைமேல் வைக்கும் சின்னஞ்சிறு பெட்டிகள் விற்கின்றன. தண்ணீர் ஊற்று, ஐஸ் கட்டி போடு, குளிர் வரும் என்கிறார்கள். விலையும் சொற்பம். இவை ஏர் கண்டிஷனர் அல்ல. சட்டை மாற்றிக்கொண்ட கூலர்கள்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. வெப்பம் மாயமாய் மறைந்து போவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்தால் வேறோரிடத்தில் கொட்டித்தான் ஆக வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை குளிராது. அதன் முதுகிலிருந்து வரும் சூட்டால் இன்னும் புழுங்கும். ஆகவே பெட்டியைக் காட்டி, "இது சூட்டை எந்த வழியாக வீட்டுக்கு வெளியே அனுப்புகிறது?" என்று கேளுங்கள். பருத்த குழாய் ஒன்றைக் காட்டினால் மேலே பேசலாம். குழாயே இல்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பலாம்.

ஒரு குழாயா, இரண்டு குழாயா?

உண்மையான நகரும் குளிர்ப் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. பெரும்பாலானவை ஒற்றைக் குழாய்ப் பெட்டிகள். அறைக்குள் இருக்கும் காற்றிலேயே ஒரு பங்கை இழுத்து, சூடேறிய தன் குழாய்களின்மேல் செலுத்தி, அந்தக் காற்றை ஜன்னல் வழியாக வெளியே தள்ளுகின்றன. பத்தடி நீள, அகல, உயரமுள்ள அறையில் இருக்கும் காற்று சுமார் 28 கன மீட்டர். பெட்டியோ மணிக்குச் சில நூறு கன மீட்டர் காற்றை வெளியே அனுப்புகிறது. வெளியே போன அவ்வளவு காற்றுக்கும் ஈடாகக் கதவிடுக்கு, ஓட்டிடுக்கு, ஜன்னல் சந்து எல்லாவற்றிலும் வெளிக்காற்று உள்ளே புகும். அந்த வெளிக்காற்று எது? உப்பும் ஈரமும் சூடும் கலந்த அதே கடற்காற்று. முன்வாசலில் பெருக்கித் தள்ளிய குப்பை கொல்லை வாசல் வழியாக வந்துகொண்டேயிருந்தால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

இரட்டைக் குழாய்ப் பெட்டி ஒரு குழாயால் வெளிக்காற்றை வாங்கி, சூடாக்கி, மறு குழாயால் வெளியே விடுகிறது. அறைக் காற்றைத் தொடுவதில்லை. ஈரம் மிகுந்த கரையில் இந்த வித்தியாசம் சாமானியமானதல்ல. விலை கூடுதலாயிருந்தாலும் இரட்டைக் குழாயே சிலாக்கியம். ஆனால் அதுவும் குறையற்றதல்ல. வெளியிலிருந்து இழுக்கும் காற்றோடு உப்பும் உள்ளே போய்ச் சுருளில் படியும். ஆகையால் அதைச் சுத்தம் செய்வதில் சிரத்தை அதிகம் வேண்டும்.

ஒற்றைக் குழாய்தான் கிடைத்தது, அல்லது அதுதான் கைக்கு எட்டியது என்றால் ஒரு யுக்தி இருக்கிறது. கடலைப் பார்த்த கதவு ஜன்னல்களின் இடுக்குகளை அடைத்துவிட்டு, நிழலான உள் கூடத்தை நோக்கிய கதவை மட்டும் விரற்கடை திறந்து வையுங்கள். புகுந்துதான் தீரும் காற்று, இருக்கிறதற்குள் குளிர்ந்த இடத்திலிருந்து புகட்டும்.

டன் என்னும் கணக்கு

குளிர்ப் பெட்டியை "ஒரு டன்", "ஒன்றரை டன்" என்று ஏன் நிறுக்கிறார்கள்? அது பெட்டியின் எடையல்ல. பழைய பனிக்கட்டி வியாபாரத்தின் ஞாபகச் சின்னம். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் மேனாடுகளிலிருந்து திரும்பி நமது பாம்பன் கரையில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி மகாராஜா எதிர்கொண்டு வரவேற்றார். அங்கிருந்து சென்னை சென்ற சுவாமிகள் தங்கிய கடற்கரை மாளிகை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். அந்த நாளில் குளிர்ச்சியைப் பனிக்கட்டியாக நிறுத்தே விற்றார்கள். யந்திரங்கள் வந்தபோது, 907 கிலோ எடையுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ, அதையே ஒரு டன் குளிர்ச்சி என்றார்கள். மின்சாரக் கணக்கில் அது சுமார் 3,500 வாட் வெப்பம்.

நகரும் பெட்டிகளில் இந்த டன் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. முன் சொன்ன வெளிக்காற்றுப் புகுதலையும், குழாயின் சூட்டையும் கணக்கில் சேர்த்து, அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் ஒரு புதிய சோதனை முறையை வகுத்தது. பழைய முறையில் 14,000 என்று அச்சிட்டு வந்த பெட்டிகள் பல, புதிய கணக்கில் 10,000-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இறங்கிவிட்டன. எனவே அட்டையில் போட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்களுடையது என்று வைத்துக்கொண்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டன் என்று விற்கும் நகரும் பெட்டி, நூறு சதுர அடி அறைக்குச் சரி. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையானால் அதற்கே திணறும்.

ஜன்னலும் கம்பியும்

இந்தப் பெட்டிகளுடன் வரும் ஜன்னல் பலகை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னல்களுக்காகச் செய்தது. நம் வீட்டு ஜன்னல்களோ வெளிப்பக்கம் திறக்கும் மரக் கதவும், உள்ளே இரும்புக் கம்பியுமாக இருக்கின்றன. 13 அல்லது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் கம்பிகளுக்கிடையே எப்படி நுழையும்? பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்கும் இந்தச் சந்தேகம் உதிக்கிறது. வாங்குமுன் ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். அறையில் வென்டிலேட்டர் இருந்தால் தச்சரைக் கூப்பிட்டு, குழாய் அளவுக்குத் துளையிட்ட பலகையை அதில் பொருத்தச் சொல்லலாம். ஆனால் குழாய் அவ்வளவு உயரத்துக்கு எட்டுமா என்றும் பார்க்க வேண்டும். குழாயின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான். ஒட்டுப்போட்டு நீட்டினால் காற்று திணறி யந்திரம் சூடேறும். நேராகவும் குட்டையாகவும் இருக்கட்டும். அதன்மேல் வெப்பம் தாங்கும் உறை ஒன்றைச் சுற்றினால், வெளியே போகிற சூடு வழியிலேயே அறைக்குள் கசியாது.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் கம்பி இரண்டும் அவசியம். நீட்டுக் கம்பியில் மாட்டுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். ஒரு டன் பெட்டி ஓடும்போது மணிக்குச் சுமார் ஒன்றேகால் யூனிட் கொள்ளும். இரவு எட்டு மணி நேரம் ஓயாது ஓடினால் 10 யூனிட், மாதம் 300. யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுகிற கட்டணப் பட்டியலில் இது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று, பழைய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு குடும்பத் தலைவியே கணக்குப் போடட்டும். அவருக்குத் தெரியாத கணக்கா?

கம்ப்ரஸர் அறைக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் உங்களோடுதான் படுத்துக்கொள்ளும். கடையில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உப்புக் காற்றின் பிரதாபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாலத்தைத் துரு தின்னாமல் காப்பதற்கு ஓயாமல் சாயம் பூசி வந்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் தேவைப்பட்டன. இரும்புப் பாலத்தையே தின்னும் காற்று, மெல்லிய அலுமினியத் தகட்டை விட்டுவிடுமா? பெட்டியின் சுருளுக்குக் காப்புப் பூச்சு உண்டா என்று விசாரித்து வாங்குங்கள். சுவரில் மாட்டும் ஏசியின் வெளிப்பெட்டி இராப்பகலாக உப்புக் காற்றில் நிற்கிறது. நகரும் பெட்டியை நிழலில் மூடி வைக்கலாம். அதன் பெரிய அனுகூலம் இதுதான்.

காற்று வடிகட்டியைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். கழுவுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். கரிக்கும் போர் தண்ணீரில் கழுவினால், எடுத்த உப்பைத் திரும்பப் பூசியதாகும். நிழலில் உலர்த்திய பின்பே மாட்டுங்கள். சுருளின் தகடுகளை மென்மையான தூரிகையால், தகடு ஓடும் திசையிலேயே தடவிவிட வேண்டும். குறுக்கே தேய்த்தால் மடங்கிப் போகும்.

இந்தக் கரையில் ஒரு டன் பெட்டி காற்றிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் பிழிந்தெடுக்கலாம். "தண்ணீர் தானே ஆவியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வது வறண்ட ஊருக்குப் பொருந்தும். இங்கே தொட்டி நிரம்பி நடு இரவில் யந்திரம் நின்றுவிடும். வடிகுழாயைச் சரிவாக வைத்து வாளியில் விடுங்கள். தூசியும் பாசியும் பட்டு வருவதால் அந்த நீர் குடிக்க உதவாது. ஆனால் தண்ணீரில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஜில்லாவில் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? தரை துடைக்கலாம், பூச்செடிக்கு விடலாம். வாளியையும் தொட்டியையும் அடிக்கடி காலி செய்யாவிட்டால் கொசு குடியேறும்.

"கேஸ் குறைந்துவிட்டது, வருஷா வருஷம் நிரப்ப வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது அடுப்பெரிக்கும் வாயுவைப்போல் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். இக்காலத்துப் பெட்டிகளில் உள்ள ஆர்-32, ஆர்-290 என்ற வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் தோஷம் முந்தியவற்றைவிடக் குறைந்தவை. ஆனால் தீப்பற்றக் கூடியவை. அதனால் வீட்டில் திருகாணி பிடிக்கத் தெரிந்த தம்பியிடம் இந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது. எவ்வளவு சிறிய அறையில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

பெட்டியைப் படுக்க வைத்து வண்டியில் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஓட்டுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். கோடை முடிந்ததும், குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓட்டி உள் ஈரத்தை உலர்த்தி, அடியிலுள்ள அடைப்பைத் திறந்து மிச்ச நீரை வடித்து, பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

முதற் செலவு எது?

அறைக்குள் வந்த வெப்பத்தை வெளியேற்றக் காசு கொடுப்பதைவிட, வராமல் தடுக்கச் செலவு குறைவு. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். பனைக்குப் பேர்போன சீமையில் பனையோலைத் தட்டிக்குப் பஞ்சமில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்று கட்டுங்கள். சொந்த வீடாக இருந்து சுவரில் துளையிடலாம் என்றால், நகரும் பெட்டியைவிடச் சுவரில் மாட்டும் ஏசியே அதே மின்சாரத்துக்கு அதிகக் குளிர்ச்சி தரும். வாடகை வீடு, ஓட்டு வீடு, சில மாதத் தேவை ஆகிய இடங்களில்தான் சக்கரப் பெட்டிக்கு நியாயம் இருக்கிறது.

ஓட்டும்போது 18 டிகிரிக்கு இறக்குவது வீண் டம்பம். அறை ஏசிகள் எடுத்த எடுப்பில் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று 2020 முதல் இந்திய அரசு விதித்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஈரம் போய்விட்டால் 27 டிகிரியும் மின்விசிறியும் சேர்ந்தே நல்ல தூக்கம் தரும்.

கடைசியாக ஒன்று. நடுத்தரக் குடும்பத்தில் குளிர்கிற அறை ஒன்றுதான் இருக்க முடியும். அந்த அறை யாருக்கு என்று தீர்மானிக்கும்போது, சம்பாதிக்கிறவர் யார், சிபாரிசு செய்தவர் யார் என்றெல்லாம் பார்க்க வேண்டாம். வியர்வை வற்றிப்போன பாட்டிக்கும், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் காற்றோய்ந்த இரவுகளில் அதை விட்டுக் கொடுங்கள். சக்கரம் இருப்பது எதற்காக? யாருக்குத் தேவையோ அவர் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போவதற்குத்தானே!